மி-17 மாதிரியில் எங்கே பிழைத்தது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

1/72 அளவில் (நிஜத்தின் 72இல் ஒரு பங்கு) ஒரு மி-17 ஹெலிகொப்டரின் பிளாஸ்டிக் மாதிரியைக் கட்டும்போதோ கட்டி முடித்த பிறகோ, ஏதோ ஒன்று சரியில்லை என்று கையைப் பிசைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலுக்கும் வாவிக்கும் வயலுக்கும் நடுவில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்பவர்களே என் மனதில் இருப்பவர்கள். கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய துண்டுகளின் தொகுதி) பெட்டிக்குள் வரும் கையேடு எந்தத் துண்டை எங்கே ஒட்டுவது என்று சொல்லும். நம் மாரிமழையின் ஈரமும் கச்சான் காற்றின் சூடும் அதற்குத் தெரியாது.

மி-17ஐ உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஹெலிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலம் நம் ஊரில் இருந்தது. அதே சத்தம் 2004 கடல்கோளுக்குப் பிறகும் 2011 ஜனவரி வெள்ளத்திலும் உணவுப் பொதியோடு வந்தது. இரண்டையும் பார்த்தவர்கள் அதன் வடிவத்தை மறக்க மாட்டார்கள். அதனால்தான் இங்கே ஒருவர் அதைக் கட்டினால், பார்க்க வருபவர்கள் உடனே குறையைச் சொல்லிவிடுகிறார்கள்: "விசிறி இப்படி நேராக நிற்காதே தம்பி."

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோளாறு கண்ணில் படும் கட்டமும் அது உண்டான கட்டமும் அநேகமாக வேறு வேறு. பெயின்ட் உரிந்தால் பெயின்ட் போத்தலைக் குறை சொல்கிறோம். கிட்டைக் கழுவாமல் விட்டது அதற்கு வெகுநாள் முந்திய கதை. ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்போது என்ன செய்யலாம் என்பதோடு, பிழை எந்தக் கட்டத்தில் உள்ளே வந்தது என்பதையும் சொல்கிறேன்.

மூக்குச் சக்கரம் தூக்கி நிற்கிறது, வால் தரையில் இடிக்கிறது

மி-17க்கு மூக்கின் கீழே ஒரு சக்கரத் தொகுதி, உடலின் பின்பாதியில் இரண்டு பெரிய சக்கரங்கள். பின் கதவுகள், நீண்ட வால் தண்டு, வால் விசிறி எல்லாம் அந்தப் பெரிய சக்கரங்களின் அச்சுக்குப் பின்னால் இருக்கின்றன. நிஜ ஹெலியில் மேலே முன்பக்கமாக இருக்கும் இரண்டு எஞ்சின்கள் அந்தப் பாரத்தை ஈடுசெய்கின்றன. மாதிரியில் அந்த இடம் வெறும் கூடு. பாரம் வைக்காமல் மூடினால் வாலில் குந்தத்தான் செய்யும்.

ஏற்கெனவே மூடி ஒட்டிவிட்டீர்கள் என்றால் மூன்று வழி இருக்கிறது. பின் கதவுகள் இன்னும் ஒட்டப்படாமல் இருந்தால் நல்ல காலம். ஈயத்துண்டில் எபொக்சி தடவி, நீண்ட ஈர்க்கின் நுனியால் உள்ளே தள்ளி, விமானியறைத் தடுப்புச் சுவரின் பின்புறம் போய் ஒட்டச் செய்யலாம். கதவும் ஒட்டிவிட்டது என்றால், மூக்குச் சக்கரம் பொருந்தும் இடத்துக்குப் பக்கத்தில் வயிற்றில் சிறு துளை போட்டு, பொடி ஈயக்குண்டுகளை இறக்கி, எபொக்சியை ஊசியால் விட்டு, மூக்கு கீழே இருக்கும்படி சாய்த்து இறுக விடுங்கள். துளையைப் பட்டி வைத்து மூடலாம். இதுவும் முடியாவிட்டால் ஒரு தளம் செய்து, மூக்குச் சக்கரத்தில் செம்புக் கம்பி ஏற்றித் தளத்தோடு பிடித்துவிடுங்கள். தளத்தில் நிற்கும் ஹெலியும் நல்ல காட்சிதான். அதை வெட்கமாக நினைக்க வேண்டாம்.

பிழை உள்ளே வந்தது உடலின் இரு பாதிகளை ஒட்டுவதற்கு முன். மி-17இன் மூக்கு முழுவதும் கண்ணாடி, அங்கே எதையும் ஒளிக்க முடியாது. விமானியறைத் தரைக்கு அடியில், தடுப்புச் சுவரின் பின்னால், எஞ்சின் மூடியின் முன்பகுதிக்குள் ஆகிய மூன்று இடங்களும் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருக்கின்றன, வெளியே தெரியவும் மாட்டா. பாதிகளை டேப்பால் சேர்த்து, விசிறிகளை மேலே வைத்து, பெரிய சக்கரங்களின் அச்சு வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். மூக்கு தெளிவாகக் கீழே இறங்கும்வரை ஈயத்தைக் கூட்டுங்கள். இறங்கவா வேண்டாமா என்று தயங்கினால் போதாது.

ஈயத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் வலைக்குக் கட்டும் ஈயம் கிடைக்கும். சுத்தியலால் தட்டித் தகடாக்கினால் தரைக்கு அடியில் மறைந்துவிடும். ஆனால் பைண்டர் கம்மால் ஒட்டாதீர்கள். அந்த வெள்ளைப் பசையிலிருந்து வரும் அசற்றிக் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளைத் தூளாக்கும். தூள் பருத்து, நாளடைவில் உடலின் ஒட்டையே பிளந்துவிடும். எபொக்சிதான் சரி. ஈயத்தைத் தொட்டபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சிறுபிள்ளைகள் கைக்கு எட்டவும் விடாதீர்கள்.

பெல் 212 ஹெலி கட்டுபவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் சறுக்குக்கால் நீளமாகப் பின்னால் ஓடி வாலைத் தாங்கிக்கொள்கிறது.

உடலின் இரு பாதிகளும் மூட மறுக்கின்றன

அழுத்தினால் மூடுகிறது, விட்டால் திறக்கிறது என்றால் உள்ளே ஏதோ இடிக்கிறது. அநேகமாக விமானியறைத் தடுப்பு, இல்லாவிட்டால் சரக்கறைத் தரை. ரப்பர் வளையம் மாட்டி, பசையை ஊற்றி, வலுக்கட்டாயமாக மூடாதீர்கள். இன்றைக்கு மூடும், அந்த இழுவிசை உள்ளேயே இருந்து, பின்னொரு நாள் டர்பன்டைன் பட்டதும் ஒட்டு விரிந்துவிடும்.

எந்தத் துண்டு இடிக்கிறது என்று கண்டுபிடிக்க அதன் விளிம்பில் கறுப்பு மார்க்கர் தடவி மூடித் திறந்து பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் மை பட்ட இடம்தான் தேய்க்க வேண்டிய இடம். உள்ளுக்கு பெயின்ட் அடித்த பிறகு பொருத்திப் பார்ப்பவர்கள் இந்தச் சிக்கலில் அதிகம் மாட்டுகிறார்கள். பெயின்டின் தடிப்பும் கணக்கில் சேரும். ஒட்டும் விளிம்புகளில் பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள். பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிறது, பெயின்டை அல்ல.

தேய்த்து மறைத்த ஒட்டுக்கோடு மறுபடி தெரிகிறது

வால் தண்டின் மேல்முதுகில் ஓடும் கோடுதான் முதலில் தெரியும். கரைப்பான் பசை மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே மென்மையாகவே இருக்கும். அது முழுதாக ஆவியாகும்போது பிளாஸ்டிக் சுருங்கி, மெல்லிய பள்ளம் விழும். இன்று ஒட்டி நாளை தேய்த்தால் அடுத்த வாரம் கோடு திரும்பி வரும். பட்டியும் அப்படித்தான் சுருங்கும்.

இப்போது சரிசெய்ய, கோட்டின் மேல் சுப்பர் குளூவை ஈர்க்கு நுனியால் மெல்லிய வரியாக விட்டு நிரப்புங்கள். அது சுருங்காது. ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். நாள் போனால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை விடக் கடினமாகி, தேய்க்கும்போது இரு பக்கமும் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கும். தண்ணீர்த் தாள் 400, 600, 1000 என்று ஏறுங்கள். வாகன டிங்கர் கராஜ்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும்.

வால் தண்டு உருளை. தாளைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்த்தால் முதுகில் தட்டை விழுந்துவிடும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அது உடனே காட்டிக்கொடுக்கும். தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கீறி, தண்டின் மேல் போட்டு, இரு முனையையும் பிடித்து மாறி மாறி இழுங்கள். அழிந்துபோன தகட்டுக் கோடுகளை, டைமோ டேப் போன்ற தடித்த டேப் ஒன்றை வளைத்து ஒட்டி, அதன் ஓரமாக ஊசியால் மெதுவாகப் பலமுறை கீறி மீட்கலாம். ஒரே கீறலில் ஆழமாக்கப் போனால் ஊசி வழுக்கிவிடும்.

வட்ட ஜன்னல் உள்ளே விழுந்துவிட்டது

மி-17இன் பக்கவாட்டில் வரிசையாக வட்ட ஜன்னல்கள். பல கிட்களில் அவற்றை உள்ளிருந்து ஒட்டுகிறோம். பிறகு வெளியே மறைப்பு டேப் ஒட்டும்போது விரல் அழுத்தம் பட்டு ஒன்று கழன்று உள்ளே உருளும். இதற்காகவே பின் கதவுகளைக் கடைசிவரை ஒட்டாமல் வைத்திருங்கள் என்று யாரைக் கண்டாலும் சொல்வேன். கதவு திறந்திருந்தால் குலுக்கி வெளியே எடுத்துவிடலாம். மூடியிருந்தால் தேட வேண்டாம். ஓட்டையின் ஓரம் முழுக்க பைண்டர் கம்மைத் தடவி, நுனி மழுங்கிய ஈர்க்கால் சுற்றிச் சுற்றி நடுவுக்கு இழுங்கள். படலம் விழும், காய்ந்ததும் தெளிந்து கண்ணாடியாகும். 1/72 ஜன்னல் அளவுக்கு இது தாராளமாகப் பிடிக்கும். மாரியில் அது தெளிய நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள்.

கண்ணாடி பால் போல் வெளுத்துவிட்டது

விமானியறைக் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் பூஞ்சு படிந்திருந்தால் அது சுப்பர் குளூவின் வேலை. அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து, கிட்ட இருக்கும் பரப்பில் வெள்ளைத் தூளாக உறைகிறது. நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இங்கே இது கூடுதலாக நடக்கும். கண்ணாடியை ஒட்டாமல், உள்ளே இருக்கும் வேறொரு துண்டைச் சுப்பர் குளூவால் ஒட்டி உடனே மூடினாலும் இதே கதிதான். மூடிய கூட்டுக்குள் ஆவிக்குப் போக இடமில்லை.

கண்ணாடி கழன்று வருமானால் எடுத்து, பற்பசையைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து, கழுவி, தெளிந்த பளபள அக்ரிலிக் வார்னிஷில் ஒருமுறை முக்கி, ஓரத்தைக் கடதாசியில் ஒற்றி, தூசு படாமல் மூடி வையுங்கள். மெல்லிய கீறல்களும் அதில் மறையும். கழற்ற முடியாவிட்டால், ஏதாவது ஒரு திறப்பின் வழியே நுண்தூரிகையால் அதே வார்னிஷைப் பூஞ்சின் மேல் ஓடவிடுங்கள். முழுதாகப் போகாவிட்டாலும் கண்ணை உறுத்தாத அளவுக்குத் தெளியும்.

கண்ணாடிக்குப் பைண்டர் கம்தான். கரைப்பான் பசையின் ஒரு துளி வழிந்தாலும் கண்ணாடியில் நிரந்தர வடு.

பெயின்டும் வார்னிஷும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் பக்கத்துக் கோளாறுகள் அதிகமும் இங்கேதான் வெளிப்படுகின்றன.

*அடித்த கையோடு வெண்புகை படர்கிறது.* லாக்கர் வகைப் பெயின்டிலும் மங்கல் வார்னிஷிலும் வரும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, காயும் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை, கொடியில் போட்ட துணி மாலைவரைக்கும் காயாத நாட்களில் இந்த வேலையைத் தொடாதீர்கள். சிறிய ஈரமானி ஒன்று வைத்திருந்தால் நல்லது; 80 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நான் வார்னிஷ் போத்தலைத் திறப்பதில்லை. மாரியிலும் மழை விட்டு வெயில் எறிக்கும் நண்பகல் நேரம் உண்டு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏசி ஓடும் அறை கிடைத்தால் அதன் காற்று வறண்டிருக்கும், ஆனால் மணம் போக வழி வேண்டும்.

வெளுத்துவிட்டதா? அழ வேண்டாம். மங்கல் வார்னிஷில் வந்த வெண்மைக்கு மேலே பளபள வார்னிஷ் ஒரு பூச்சு அடியுங்கள். பெரும்பாலும் அடியில் உள்ள நிறம் திரும்பி வரும். நன்றாகக் காய்ந்தபின், வறண்ட ஒரு நாளில் மங்கலை மறுபடி அடிக்கலாம். லாக்கர் பெயின்ட் என்றால், அதற்கான தாமதத் தின்னரை (மெதுவாக ஆவியாகும் தின்னர்) மட்டும் மெல்லிய தூறலாக அடித்தால் படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறும்.

*பெயின்டோடு தண்ணீர்த் துளிகள் துப்புகிறது.* ஏர்பிரஷுக்கு (பெயின்டைக் காற்றால் தூவும் கைக்கருவி) காற்றுக் கொடுக்கும் கொம்பிரஸர் ஈரக்காற்றை அமுக்கும்போது அதிலுள்ள நீர் தாங்கியிலும் குழாயிலும் திரள்கிறது. தாங்கியின் அடித் திருகைத் திறந்து பாருங்கள், மாரிக்காலத்தில் கலங்கல் தண்ணீர் ஓடும். வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் வடியுங்கள். ஈரப்பொறியை கொம்பிரஸரில் ஒன்று வைத்தால் போதாது. காற்று குழாயில் போகப்போகக் குளிர்ந்து மறுபடி நீர் திரளும். ஏர்பிரஷின் கைப்பிடிக்குக் கீழே இன்னொரு சிறு பொறி மாட்டுங்கள். துளி விழுந்த இடத்தை ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். காயவிட்டு, 2000 தாளால் ஒற்றித் தேய்த்து, மேலே அடியுங்கள்.

*சொரசொரப்பாக, மணல் தூவியது போல் இருக்கிறது.* இது கச்சான் காலத்துக் கோளாறு. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றில் அக்ரிலிக் பெயின்ட் மாதிரியைத் தொடும் முன்பே காய்ந்துவிடுகிறது. ஏர்பிரஷ் ஊசியின் நுனியிலும் காய்ந்து அடைக்கிறது. பெயின்ட்டை இன்னும் இளக்கி, காய்வதைத் தாமதப்படுத்தும் தாமதிப்பான் சில துளி விட்டு, 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்து, 7 அல்லது 8 சென்ரிமீற்றர் வரை கிட்டப் பிடியுங்கள். பட்ட இடம் ஒரு கணம் ஈரமாகப் பளபளக்க வேண்டும், அப்புறம்தான் மங்க வேண்டும். அதே காலத்தில் காற்றோடு தூசும் வரும். அதிகாலையில் அடிப்பதே மேல். ஏற்கெனவே சொரசொரத்ததை நன்றாகக் காய்ந்தபின் நுண்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

*டேப்பைக் கழற்றினால் பெயின்டும் சேர்ந்து வருகிறது.* கிட் அச்சிலிருந்து கழன்று வர ஒரு எண்ணெய்ப் பசை பூசுவார்கள், அது துண்டுகளில் ஒட்டியிருக்கும். நம் கை வியர்வையும் சேரும். சட்டகத்தோடு சேர்த்தே துண்டுகளைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுவதுதான் முதல் வேலை. கடற்கரைப் பக்கத்துக் கிணற்று நீர் உவர்ப்பு. காய்ந்தால் வெண்படலம் விடும். கடைசி அலசலுக்கு மழைநீரோ போத்தல் தண்ணீரோ எடுங்கள். நிழலில் காயவிடுங்கள். உரிந்த இடத்தின் ஓரத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, பிரைமர் அடித்து, மறுபடி நிறம் கொடுங்கள். டேப்பை முதலில் புறங்கையில் இரண்டு மூன்று தரம் ஒட்டி எடுத்தால் அதன் வெறி அடங்கும். கழற்றும்போது நிமிர்த்தி இழுக்காமல் பின்னோக்கி மடித்து, பரப்போடு பரப்பாக இழுங்கள்.

*பிளாஸ்டிக் வெந்ததுபோல் சுருங்கி, நுண்கோடுகள் கரைந்துவிட்டன.* ஹார்ட்வெயார் கடை என்.சி. தின்னர் பட்டிருக்கிறது, அல்லது வாகன ஸ்ப்ரே டின்னைக் கிட்டப் பிடித்து ஊற அடித்திருக்கிறீர்கள். இதற்குத் திரும்பிப் போக வழியில்லை. தேய்த்து, பட்டி பார்த்து, கோடுகளை மறுபடி கீறத்தான் வேண்டும். அந்தத் தின்னரைக் கருவி கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாகன பிரைமரைப் பயன்படுத்துவதானால் தள்ளி நின்று, காய்ந்துகொண்டே படியும் மெல்லிய தூறலாக முதல் பூச்சு அடித்தபின் மிச்சத்தை அடியுங்கள்.

ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்குத் தூரிகைக் கோடு விழும் என்ற கவலை. இளக்கி, ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய்ந்தபின் முந்தியதற்குக் குறுக்காக அடுத்ததை இழுத்தால் மூன்றாம் பூச்சில் கோடு அடங்கும். கையால் அடித்த அருமையான ஹெலிகளை நான் பார்த்திருக்கிறேன்.

டெக்காலுக்கு அடியில் வெள்ளி மின்னுகிறது

மங்கல் பெயின்ட் நுணுக்கமாகப் பார்த்தால் கரடுமுரடு. டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படலம்) அந்த மேடுகளின் மேல் கிடக்க, பள்ளங்களில் காற்று சிக்கி மின்னுகிறது. ஒட்டுவதற்கு முன் பளபள வார்னிஷ் அடித்திருக்க வேண்டும். இப்போதைக்கு, மின்னும் இடத்தில் ஊசி நுனியால் சில குத்துகள் குத்தி, டெக்கால் மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். டெக்கால் சுருங்கி நெளியும். பதறித் தொட்டுவிடாதீர்கள், தானே படுத்துவிடும். தேவைப்பட்டால் மறுநாளும் செய்யுங்கள்.

தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகப் பிரிந்தால் டெக்கால் பழசு. தாளில் மிஞ்சியவற்றின் மேல் தெளிந்த வார்னிஷ் அடித்து, காய்ந்தபின் ஓரம் ஒட்ட வெட்டி எடுத்துப் பயன்படுத்தலாம். வாங்கியவுடன் டெக்கால் தாளைச் சிலிக்கா ஜெல்லோடு பிளாஸ்டிக் பையில் மூடிவைப்பது நம் ஊரில் கட்டாயம்.

விசிறி பொம்மை போல் தெரிகிறது

பார்ப்பவர்கள் காரணம் சொல்லத் தெரியாமல் "ஏதோ சரியில்லை" என்பது பெரும்பாலும் இதைத்தான். ஹெலிக்கு முகமே அதன் விசிறிதான். ஆகவே இதில் காட்டும் பொறுமை வீண்போகாது.

முதலாவது, இறக்கைகள் பலகைபோல் நேராக நிற்பது. மி-17இன் மேல் விசிறியின் விட்டம் சுமார் 21.3 மீற்றர்; ஐந்து நீண்ட இறக்கைகள். சுற்றும்போது மையவிலக்கு விசை அவற்றை இழுத்து நேராக்குகிறது. நின்றுவிட்டால் தம் பாரத்திலேயே நுனி தாழ்ந்து தொங்குகின்றன. தரையில் நிற்கும் மாதிரிக்கு இந்தத் தொய்வு இல்லாவிட்டால் உயிரில்லை. பறப்பதாகக் காட்டுபவர்கள் மாறாகச் சற்று மேல்நோக்கிய வளைவு கொடுக்க வேண்டும்.

தொய்வு கொடுக்க, கொதித்து இறக்கிய தண்ணீரில் இறக்கையைச் சில விநாடி முக்கி, விரலால் மெல்ல வளைத்து, அப்படியே பிடித்துக் குளிர்நீரில் விடுங்கள். அடியில் ஒடித்து வளைக்கக் கூடாது. நடுவிலிருந்து நுனிவரை வளைவு கூடிக்கொண்டே போக வேண்டும். ஐந்தும் ஒன்றுபோல் வர, மட்டையில் ஒரே வளைவை வெட்டி வைத்து ஒவ்வொன்றையும் அதன் மேல் வைத்துப் பாருங்கள். எவ்வளவு தொய்வு என்பதற்குப் பக்கவாட்டுப் படம் ஒன்றை எடுத்து, வால் பக்கம் நீளும் இறக்கையின் நுனிக்கும் வால் தண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்து 1/72க்கு மாற்றுங்கள். கூடிவிட்டதா? அதே சுடுநீரில் பின்னுக்கு எடுக்கலாம். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைத்து இறக்கை கண்டபடி கோணிப்போனாலும் மருந்து இதே சுடுநீர்தான்.

இரண்டாவது, இறக்கைகள் முன்பின் மாறியது. மி-17இன் மேல் விசிறி மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் சுழலும். தடித்து உருண்ட விளிம்பு சுழலும் பக்கம் பார்த்திருக்க வேண்டும், மெல்லிய விளிம்பு பின்னால். பெல் 212 போன்ற அமெரிக்க ஹெலிகள் எதிர்ச்சுற்று, ஆகவே அவற்றில் விளிம்பும் மாறும். மாறி ஒட்டியிருந்தால் விசிறியின் நடுக் குடத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, 0.5 மி.மீ. துளை போட்டு, செம்புக் கம்பி ஏற்றித் திருப்பி ஒட்டுங்கள். கம்பி இருந்தால் ஒட்டும் பலமாகும்.

மூன்றாவது, வால் விசிறியின் பக்கம். மி-17க்கு அது இடப்பக்கம், பழைய மி-8க்கு வலப்பக்கம். அமெரிக்க ஹெலிகளிலும் இந்தக் குழப்பம் உண்டு: யூஎச்-1எச்க்கு இடம், பெல் 212க்கு வலம். ஒரே பெட்டியில் இரண்டு வகைக்குமான துண்டுகள் வந்தால் கையேட்டை மட்டும் நம்பாமல் நீங்கள் கட்டும் ஹெலியின் படத்தைப் பாருங்கள். பெட்டி மேல் ஓவியம் சாட்சி ஆகாது.

மேல் விசிறியின் தண்டு சற்று முன்னோக்கிச் சாய்ந்திருப்பதும் மி-17இன் இயல்பு. செங்குத்தாக நிமிர்த்திச் "சரி" செய்துவிடாதீர்கள்.

1/72இல் விசிறி விரித்தால் கிட்டத்தட்ட 30 சென்ரிமீற்றர். அலுமாரித் தட்டின் ஆழத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். விசிறியை ஒட்டாமல் கழற்றி மாட்டும்படி விட்டால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு பஸ்ஸில் கொண்டுபோகவும் முடியும்.

வாஷ் பூசிய மறுநாள் சக்கரக்கால் முறிந்தது

எனாமல் வாஷில் (கோடுகளிலும் பள்ளங்களிலும் நிழல் காட்டப் பூசும், நன்றாக இளக்கிய பெயின்ட்) உள்ள டர்பன்டைனோ வைட் ஸ்பிரிட்டோ, இழுவிசையில் இருக்கும் வெறும் பிளாஸ்டிக்கின் நுண்விரிசலுக்குள் இறங்கினால் அது நொறுங்கும். சக்கரக்கால்கள் பாரத்தைத் தாங்கி எப்போதும் இழுவிசையில் இருக்கின்றன, ஈயமும் உள்ளே இருக்கிறதல்லவா. வாஷை மூட்டுகளில் தேங்கவிடாமல், அடியில் முழுமையான வார்னிஷ் இருக்கிறதா என்று பார்த்துப் பூசுங்கள். முறிந்த காலை வெறும் பசையால் ஒட்டினால் நிற்காது. இரு முனையிலும் துளைத்து, மின்வயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியோ கிற்றார்த் தந்தியோ ஏற்றிச் சுப்பர் குளூ விடுங்கள்.

புகைக்கறையும் தூசும் பொய்யாகத் தெரிகின்றன

எஞ்சின் புகைவாய்கள் இரு பக்கமும் விசிறிக்குக் கீழே திறக்கின்றன. கறை அங்கே அடர்ந்து தொடங்கி, பின்னோக்கி வால் தண்டுப் பக்கம் மெலிந்து போக வேண்டும். நடுவில் திட்டாக நின்றால் பொய். கரித்தூளைக் காய்ந்த தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தரைத் தூசுக்கு, கல்லடிக் கடற்கரையில் இறங்கிய ஹெலி என்றால் வெளிர் மணல் நிறம், அம்பாறை உள்நாட்டு மண் என்றால் செம்பழுப்பு. இரண்டையும் ஒரே சக்கரத்தில் கலக்காதீர்கள்.

அன்டெனாக் கம்பி தடித்துத் தெரிகிறது, அல்லது தொங்கிவிட்டது

பல மி-17களில் வால் தண்டை ஒட்டி எச்.எஃப். வானொலி அன்டெனாக் கம்பி ஓடும். வீட்டில் கிடக்கும் தூண்டில் தங்கூசியைப் போட்டால், 0.25 மி.மீ. தங்கூசி 1/72இல் 18 மி.மீ. கயிறு ஆகிவிடும். 0.10 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியது தேடுங்கள். கிடைக்காவிட்டால் கிட் சட்டகத்தை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே சுழற்றி, இளகியதும் வெளியே எடுத்து இழுத்தால் முடிபோல் இழை வரும். அந்த இழை தொங்கினால், ஊதுபத்தியின் கங்கைத் தொடாமல் கிட்டக் கொண்டுபோங்கள், சுருங்கி விறைத்துக்கொள்ளும். மிகக் கிட்டப் போனால் அறுந்துவிடும். தங்கூசிக்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

கம்பியைக் கடைசியில்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு அது அறுவதற்கு நம் வீடுகளில் பெரும்பாலும் பல்லிதான் காரணம். திறந்த தட்டில் வைத்த ஹெலியின் மேல் இரவில் ஓடும், எச்சமும் விடும். எச்சத்தை அன்றே ஈரப்பஞ்சால் ஒற்றி எடுங்கள், ஊறினால் மங்கல் வார்னிஷில் கறை நிற்கும். கண்ணாடிக் கதவு உள்ள அலுமாரி, உள்ளே சிலிக்கா ஜெல், அதை அவ்வப்போது சூடாக்கிக் காயவைத்தல். கிட் பெட்டிகளைத் தரையில் அடுக்காமல், சுவரிலிருந்து தள்ளி, இரும்புத் தட்டில் வையுங்கள். கரையான் பெட்டி மட்டையிலிருந்து தொடங்கிக் கையேட்டையும் டெக்கால் தாளையும் சேர்த்தே தின்றுவிடும்.